ஈறில் ரத்தம் வருதா? வலிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க!



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பல் விளக்கும்போது ரத்தம் வரும், சூட்டுக்குத்தான், தானா சரியாயிடும்." அது சூடு இல்லை. பெரும்பாலும் ஈறு நோயின் முதல் அடையாளமே அதுதான்.

ஏன் வருகிறது?
ஈறு ஓரத்தில் கிருமிகள் நிறைந்த அழுக்கு தினமும் படிகிறது. சரியாக விளக்காவிட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். பிறகு பிரஷ்ஷால் போகாது. நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். சொத்தைப் பல் வலித்துக் காட்டிக்கொடுக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும். அதனால்தான் பல் ஆடின பிறகு ஓடுகிறோம்.

கண்ணாடியில் பாருங்கள்:
1. ஈறு சிவந்து தடித்திருக்கிறதா? விளக்கும்போது ரத்தம் வருகிறதா?
2. வாய் நாற்றம் தீராமல் இருக்கிறதா?
3. ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிகிறதா?
4. ஈறை அழுத்தினால் சீழ் வருகிறதா?
5. பல் ஆடுகிறதா? புதுசாக இடைவெளி விழுந்திருக்கிறதா?

முதல் கட்டத்திலேயே கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கரைந்த எலும்பு தானாக வளராது.

யாருக்குக் கூடுதல் கவனம்?
சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் சுலபமாக அடங்காது. கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கலாம். மாசத்தைச் சொல்லி வைத்தியம் பார்க்கலாம், பயம் வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் வேண்டாம்
சாம்பல், செங்கல் தூள் ஈறைக் கிழிக்கும். வலி மாத்திரையை ஈறில் வைத்தால் வெந்துபோகும். கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், நோயைத் தீர்க்காது. "கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்பதும் தவறு. ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான்.

முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிட முடியாவிட்டால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. போகும்போது சர்க்கரை, பி.பி. நோட்டை எடுத்துப் போங்கள். "ஒரு நாள் மீன் வியாபாரம் போயிடுமே" என்று தள்ளிப்போட்டால், பிறகு பல் கட்டக் குழுவில் கடன் கேட்க வேண்டி வரும்.

காலையும் ராத்திரியும் மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரம் வரை விளக்குவோம். அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், "யாருக்கு ஈறில் ரத்தம் வருது?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். வருகிறவர்கள் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.