தூக்கிய கால் போதும்



தினமும் குடும்பமாக 53 மணி செபமாலை சொல்லத் தீர்மானிக்கிறோம். இரண்டு நாள் தவறுகிறது. “சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எதற்கு?” என்று அடியோடு விட்டுவிடுகிறோம். ஒப்புரவு அருளடையாளத்தையும், “முழுதாகத் திருந்திவிட்டுப் போவோம்” என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். இது பக்திபோலத் தெரியும். உண்மையில் இறையருளைவிட நம் பலத்தையே நம்புவதாகும்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1873-இல் பிரான்சில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது சின்னஞ்சிறு குறைகளையும் பெரும் பாவமாக எண்ணித் தவித்தவர். 15 வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 24 வயதில் இறந்தார். பெரிய தவமுயற்சிகள் தம்மால் ஆகாது என்றறிந்து, சிறு செயல்களை அன்போடு செய்யும் ‘சிறு வழி’யில் நடந்தார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருஅவையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

தன் குறைகளைக் கண்டு மனம் தளர்ந்த நவதுறவி ஒருவருக்கு அவர் ஒரு குழந்தையைக் காட்டினார். மாடியில் தாய், கீழே, நடக்கத் தெரியாத குழந்தை. முதல் படியில் ஏறக் காலைத் தூக்குகிறது, விழுகிறது, மறுபடி தூக்குகிறது. ஒரு படிகூட ஏறவில்லை. ஆனாலும் அந்த முயற்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடவுள், தாமே இறங்கிவந்து அள்ளிக்கொள்வார் என்றார் தெரேசா.

ஆகவே, ஐந்து பத்து முடியாவிட்டால் இன்றிரவு ஒரு பத்து மணியாவது சொல்வோம். நாளை தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்குவோம். திருந்தியபின் அல்ல, திருந்துவதற்காகவே ஒப்புரவு அருளடையாளத்தை நாடுவோம். படியேற்றுவது அவர் வேலை. காலைத் தூக்குவது நம் வேலை. ஆமென்.