ஆலைப் பகுதியிலும் வான்காட்சி

துறைமுக விளக்குகளும் ஆலைப் புகையும் சூழ்ந்த திருவொற்றியூரில் விண்மீன்களைக் காண முடியுமா? முடியும், உச்சிவானை நோக்குங்கள்!

ஜனவரி நடுவில் இரவு பத்து மணிக்குத் திருவாதிரை ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். அதன் ஒளி கடந்துவரும் காற்று குறைவு. தெற்கே 24 பாகை உயரத்திலுள்ள அகத்திய விண்மீனின் ஒளியோ சுமார் இரண்டரை மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். வழியிலுள்ள தூசு அதனைச் சிதறடிக்கிறது. நகர விளக்கொளியும் அத்திசையில்தான் மிகுதி.

நிலவற்ற இரவில் நண்பர்களுடன் மாடிக்குச் செல்லுங்கள். திருவாதிரைக்குத் தெற்கே வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றிற்குச் சற்றுக் கீழே சிறு தொலைநோக்கியைத் திருப்பினால் புகைபோல் மங்கலாகத் தெரிவது ஓரியன் நெபுலா, விண்மீன்கள் பிறக்குமிடம். தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டுகள். அப்பரும் சம்பந்தரும் திருவொற்றியூரைப் பாடிய 7-ஆம் நூற்றாண்டில் புறப்பட்ட ஒளியே இன்று உங்கள் கண்ணை அடைகிறது!

தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் செல்லாதவாறு மூடியிட்டால், அகத்தியனும் பளிச்சிடுவான்.