வெயில் நாட்டில் வெயில் பஞ்சம்

கடந்த வருடம் உம்மாவுக்கு முதுகுவலியும் கால் உளைவும் விடாமல் இருந்தன. குருதியைப் பரிசோதித்த வைத்தியர், "விற்றமின் டீ குறைவு. வெயில் படுவதில்லையா?" என்று கேட்டாராம். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். வருடம் முழுவதும் வெயில் எறிக்கும் இலங்கையில் இப்படியொரு குறைபாடா?

பிறகு யோசித்துப் பார்த்தேன். உம்மாவின் பகல் குசினியிலேயே போகிறது. என் பகல் வேன், வகுப்பறை, ரியூசன் என்று போகிறது. வீடு திரும்பும்போது மஃரிப் ஆகிவிடும்.

விற்றமின் என்று பெயர் இருந்தாலும் இதன் பெரும்பகுதியை நமது உடலே தயாரிக்கிறது. தோலில் கொலஸ்திரோலை ஒத்த ஒரு பொருள் உண்டு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் பட்டதும் அது விற்றமின் டீ ஆக மாறுகிறது. பின்னர் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. அது குறைந்தால், பால் குடித்தாலும் கல்சியம் போதியளவு உடலில் சேராது. பிள்ளைகளுக்குக் கால் என்புகள் வளையும் றிக்கெற்ஸ் நோய் வரும். பெரியவர்களுக்கு என்புகள் மென்மையாகி வலிக்கும்.

1919 இல் பேர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர் றிக்கெற்ஸ் நோயுள்ள பிள்ளைகளைப் புறஊதா விளக்கொளியால் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் மற்றக் கையின் என்பும் தேறியது. ஒளியால் தோலில் உண்டாகும் பொருள் உடல் முழுவதும் செல்கிறது என்பதை அது காட்டியது.

இந்தக் கதிர்களை யன்னல் கண்ணாடியும் ஆடையும் மறித்துவிடும். இளவெயிலிலும் மாலை வெயிலிலும் இவை மிகக் குறைவு. நமது நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பொருத்தமானது. கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும்.

ஹிஜாப் நமது மார்க்கக் கடமை. அதைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. சுற்றுமதிலுள்ள முற்றமும் பிறர் பார்வை படாத மொட்டை மாடியும் பல வீடுகளில் உண்டு. அங்கே காலை பத்து மணியளவில், கை கால்களில் வெயில் பட, வாரத்தில் சில நாட்கள் இருபது நிமிடமளவு இருக்கலாம். தோல் எரிய முன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். அளவு மீறிய வெயில் தோல் புற்றுநோய்க்கும் காரணமாகலாம்.

சாளை, சூரை, ரின்மீன், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றிலும் விற்றமின் டீ உண்டு. மாத்திரையை வைத்தியர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். அளவு கூடினால் குருதியில் கல்சியம் மிகுந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்" என்று பெண்பிள்ளைகளை உள்ளே அழைக்காதீர்கள். வாழ்நாளுக்கு வேண்டிய என்பு வலிமையின் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது. நிறத்தைக் காக்கப்போய் என்பை இழந்துவிடக் கூடாது.

அல்குர்ஆனின் 91ஆவது அத்தியாயம் சூரியனின் பெயரையே கொண்டது. அல்லாஹ் இலவசமாகத் தந்த அந்த அருட்கொடை நம் வாசலிலேயே இருக்கிறது. இப்போது சனிக்கிழமைகளில் உம்மா மிளகாய் காயவைக்கும்போது நானும் புத்தகத்துடன் முற்றத்தில் இருக்கிறேன். மாத்திரையுடன் வெயிலும் சேர்ந்து, அவரின் கால் உளைவு குறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.