கடலைக் காக்கும் காடும் காட்டைக் காக்கும் கைகளும்



கடலைக் காக்க வேண்டும் என்றால், அது மீனவர் வேலை, நமக்கென்ன என்று எண்ணத் தோன்றும். ஆனால் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்நீர் சிற்றாற்றில் கலந்து, சிற்றாறு பேராற்றில் கலந்து, முடிவில் மலாக்கா நீரிணையை அடைகின்றது. நாம் கால்வாயில் எறிவது யாவும் கடலுக்கே செல்கின்றது. ஆகவே கடலுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. ஆறு கடலைச் சேரும் இடத்தில் வாயில் காப்போன் போல் நிற்பது கண்டல் காடு. அதனைப் பற்றியும், அதனைக் காப்பதில் ஊர் மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கொள்ளத்தக்க பங்கினைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

கண்டல் மரத்தை மலாய் மொழியில் பாக்காவ் என்பர். சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலப் பாடல்களிலேயே கண்டல் கூறப்பெறுகின்றது. இக்காட்டில் வளரும் வேறொரு மரத்திற்கு அலையாத்தி என்று பெயர். அலையை ஆற்றுவதால் அப்பெயர் பெற்றது என்பர். மலேசியாவில் சுமார் 6 இலட்சம் எக்டர் பரப்பில் இத்தகைய காடுகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேல் சபா மாநிலத்தில் இருக்கின்றன. தீபகற்பத்தில் பேராக், சிலாங்கூர், ஜொகூர் ஆகிய மாநிலங்களின் மேற்குக் கரையோரத்தில் இவற்றை மிகுதியாகக் காணலாம்.

நாள்தோறும் கடல் ஏறி வற்றும் உப்புச் சேற்றில் மற்ற மரங்கள் பிழைப்பதில்லை. கண்டல் மட்டும் எவ்வாறு பிழைக்கின்றது? அதன் அடிமரத்திலிருந்து வளைந்த வேர்கள் பல இறங்கி, பந்தல் கால்கள் போல் மரத்தைத் தாங்குகின்றன. அலையாத்தி மரமோ, சேற்றில் காற்று இல்லாமையால், விரல் போன்ற வேர்களை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகின்றது. அம்மரத்தின் இலை உப்பை வெளியேற்றும். இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். கண்டல் விதை நிலத்தில் விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு வளர்ந்து, பின்னரே கீழே விழுகின்றது. அலை அடித்துச் செல்லுமுன் வேரூன்றிக்கொள்ள இயற்கை அன்னை செய்த ஏற்பாடு இது.

இக்காட்டினால் விளையும் நன்மைகள் பல. வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் கொடுவா மீன் குஞ்சுகளும் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கின்றன. காடு அழிந்தால் மீனவர் வலை வற்றும்; சந்தையில் மீன் விலை ஏறும். வேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்துவதால் கரை அரிக்கப்படுவதில்லை. கேரித்தீவு போன்ற தாழ்ந்த கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தோர் இதனை நன்கறிவர். அங்கே கடல் ஏறும்போது நீர்மட்டம் நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். மண்ணால் எழுப்பிய அணையும், நீரை வெளியேற்றும் மதகுமே தோட்டத்தைக் காக்கின்றன. அணைக்கு முன்னே கண்டல் காடு நின்றால் அலையின் வேகம் அங்கேயே தணிகின்றது. காடு இல்லையேல் அலை நேரே அணையில் மோதும். அணை உடைந்து உப்புநீர் உட்புகுந்தால் செம்பனை கெடும். தொழிலாளர் பிழைப்பும் கெடும்.

26.12.2004இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையை நாம் மறக்க இயலாது. நம் நாட்டில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். அத்தகைய பேரலையைக் காடு முற்றிலும் தடுத்துவிடும் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் அடர்ந்த காடு அலையின் வலிமையைக் குறைக்கும் என்பது உண்மை. 2005ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் கரையோரங்களில் மரம் நடும் திட்டத்தை நடத்தியது.

ஆனால் நடுவது மட்டும் போதுமா? போதாது. அலை நேராக மோதும் வெட்டவெளிக் கரைகளில் நடப்பெற்ற நாற்றுகள் பல அடித்துச் செல்லப்பட்டன. சில நாற்றுகளை நண்டுகள் கடித்தன. சிலவற்றின்மீது கடற்சிப்பிகள் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சாய்த்தன. கடலில் மிதந்து வந்த நெகிழிப் பைகளும் அறுந்த வலைகளும் சிக்கி வேறு சிலவற்றைப் பிடுங்கின. சபாக் பெர்ணம் வட்டாரத்தைச் சேர்ந்த சுங்கை ஹாஜி டோரானிக் கரையில் முதலில் அலைத்தடுப்பு அமைத்து, அதன் பின்னரே நாற்று நட்டனர். நட்ட அன்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவோரால் காடு வளராது. மறுநாளும் மறுமாதமும் வந்து பார்ப்போர் வேண்டும். அவ்வாறு வந்து பார்க்கக்கூடியவர் யார்? அருகில் வாழ்வோரே!

இதற்கு இரு எடுத்துக்காட்டுகள் கூறலாம். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997ஆம் ஆண்டு முதல் கண்டல் நாற்றுகளை நட்டு வருகின்றனர். காடுகள் இறால் குளங்களுக்காக அழிக்கப்பட்டதையும், தம் வலையில் மீன் குறைந்ததையும் கண்ட சிறு மீனவர்களே இப்பணியைத் தொடங்கினர். நிபோங் திபால் அருகே சுங்கை ஆச்சேயில் அவர்கள் அமைத்த கல்வி நிலையத்திற்குப் பள்ளி மாணவர்களும் சென்று, சேற்றில் இறங்கி, நாற்று நட்டுப் பயில்கின்றனர். அதுபோலவே பேராக் மாநிலத்தின் கோலா குலாவில் உள்ளூர் மக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து நாற்றுப்பண்ணை நடத்துகின்றனர். நட வருவோருக்கு நாற்றுகளை விற்பதால் அவர்களுக்கு வருவாயும் கிடைக்கின்றது. இவ்வட்டாரங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையிலும் கிரியானிலும் இருந்த கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்தனர்.

காட்டினால் பயன் பெறுவோர் காட்டைக் காப்பர் என்பதற்கு மாத்தாங் காடும் சான்றாகும். தைப்பிங் நகருக்கு மேற்கே சுமார் 40,000 எக்டர் பரப்புள்ள அக்காடு 1902ஆம் ஆண்டு முதல் முறையாகப் பேணப்பட்டு வருகின்றது. அங்கே கரிக்காக மரம் வெட்டுகின்றனர். ஆயினும் ஓரிடத்தில் வெட்டினால், மீண்டும் அவ்விடத்தில் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்கின்றனர். அதனால் நூறாண்டு கடந்தும் காடு நிற்கின்றது; தொழிலும் நிற்கின்றது.

மாணவர்களே! நீங்கள் சிறுவர்கள்தாமே என்று தயங்க வேண்டா. நாற்று நடச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் நட்ட எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று மாதங்கள் கழித்து எத்தனை உயிரோடு உள்ளன என்று எண்ணுங்கள். உயரத்தை அளவுகோலால் அளங்கள். இஃது அறிவியல் பாடமும் ஆகும், கணிதப் பாடமும் ஆகும். இன்று நாற்று எண்ணும் பிள்ளை நாளை அக்காட்டை வெட்ட எளிதில் உடன்படமாட்டான்.

தோட்டத்தில் வாழும் பெரியோர்களே! கடற்கரைக்குச் செல்லாமலே நாம் செய்யக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, நெகிழிப் பைகளைக் கால்வாயில் எறியாதிருத்தல். நீரில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணிக் கடலாமை விழுங்கி மடிகின்றது. இரண்டாவது, களைக்கொல்லி மருந்து அடித்த தோம்புகளையும் காலிக் கலன்களையும் கால்வாயில் கழுவாதிருத்தல். மூன்றாவது, ஆற்றங்கரை மரங்களை வெட்டாது விடுதல். கரை மண் சரிந்தால் ஆறு கலங்கும்; கலங்கிய ஆறு கடலையும் கலக்கும்.

அரசாங்கம் சட்டம் இயற்றலாம். வனத்துறை நாற்றுத் தரலாம். ஆனால் நாள்தோறும் காவல் நிற்க அவர்களால் இயலாது. அக்காவல் கரையில் வாழ்வோர் கையிலும், ஆற்றின் மேற்பகுதியில் வாழும் நம் கையிலும் உள்ளது. இவ்வாண்டு நம் பள்ளிக் கால்வாயைத் தூய்மையாக வைத்திருப்பதிலிருந்தே அப்பணியைத் தொடங்குவோமாக!

வாழ்க கடல் வளம்! வளர்க நம் பள்ளி!