குப்பைக்குப் போகும் அமானிதம்

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில் கடைத்தெருவில் வேர்க்கடலை வாங்கி வந்தேன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் திடுக்கிட்டேன். அந்தத் தாள் ஒரு பாஸ்போர்ட்டின் நகல். நடுத்தர வயதுடைய ஒரு சகோதரியின் புகைப்படம், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி அனைத்தும் பளிச்செனத் தெரிந்தன. உம்ராப் பயணத்திற்காக யாரிடமோ நம்பிக் கொடுத்த நகல் அது என்பதை ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருந்த குறிப்பு உணர்த்தியது. இறையில்லத்தைக் காணும் ஆவலில் அந்தச் சகோதரி கொடுத்தார். வாங்கியவரோ வேலை முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

அவர் கெட்ட எண்ணத்துடன் செய்திருக்கமாட்டார். நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் அவரும் செய்திருக்கிறார். இன்று எத்தனையோ இல்லங்களின் முன்னறை ஓர் அலுவலகமாக இயங்கி வருகிறது. உம்ரா சேவை, விமானப் பயணச்சீட்டு, காப்பீட்டு முகமை, வரிக் கணக்கு, தனிப்பயிற்சி வகுப்பு எனப் பல தொழில்கள் வீட்டிலிருந்தபடியே நடைபெறுகின்றன. பெண்மணிகளும் இவற்றைத் திறம்பட நடத்துகின்றனர். மஹல்லா ஜமாஅத்தின் செயலாளர் வீட்டு அலமாரியில் மணமக்களின் சான்றுகளும், ஜகாத் உதவி கோரி ஏழைகள் எழுதிய விண்ணப்பங்களும் அடுக்கப்பட்டிருக்கும். ஒருவர் தம் வறுமையை எழுதிக் கொடுத்த காகிதம் கடலைப் பொட்டலமாக ஊரெங்கும் சுற்றி வந்தால், அவர் முகத்தில் நாம் எவ்வாறு விழிப்பது?

நம்மிடம் நம்பிக் கூறப்பட்ட செய்தியே அமானிதம் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அப்படியிருக்க, எழுத்தில் தரப்பட்டதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 2023ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கணினியில் ஏறிய விவரங்களைப் பற்றியதே. கணினியில் ஏறாமல் காகிதமாகவே கிடக்கும் நகல்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அவை நம் மனச்சாட்சியின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன.

காகிதத்தை நறுக்கும் இயந்திரத்தைக் கடைகளில் 'ஷ்ரெட்டர்' என்றே கேட்டு வாங்குகின்றனர். அமெரிக்காவைச் சேர்ந்த அபட் அகஸ்டஸ் லோ என்பவர் 1909ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இதை வாங்கும் முன்னர் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஈரானில் நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் கைப்பற்றினர். அதற்குள் தூதரக ஊழியர்கள் பல இரகசிய ஆவணங்களை இயந்திரத்திலிட்டு நீள நீளமான நாடாக்களாகக் கிழித்துவிட்டிருந்தனர். அத்துடன் அவை அழிந்துவிட்டன என எண்ணினர். ஆனால் நூல் நூலாகப் பார்த்து முடிச்சுப் போடும் ஈரானியக் கம்பள நெசவாளர்களின் உதவியுடன் அந்த நாடாக்கள் பொறுமையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. பல தொகுதிகளாக அச்சேறி உலகின் பார்வைக்கும் வந்தன.

ஆகவே, நீள நாடாவாக மட்டும் கிழிக்கும் இயந்திரம் விலை மலிவு என்பதற்காக அதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏ4 தாள் ஒன்றை அது சுமார் 35 நாடாக்களாகக் கிழிக்கும். ஓய்வாக உள்ள ஒருவர் அவற்றை ஒட்டிவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக நறுக்கும் இயந்திரமே தக்கது. ஜெர்மானியத் தர அளவின்படி இவை 'பி-1' முதல் 'பி-7' வரை வகைப்படுத்தப்பட்டுள்ளன. 'பி-4' வகையில் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேற்படாது. 4 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம் என்று வைத்துக் கொண்டால் ஒரு தாள் ஏறத்தாழ 390 துண்டுகளாகும். ஆதார், பாஸ்போர்ட் நகல்களுக்கும் வங்கித் தாள்களுக்கும் இது போதுமானது. 'பி-5' வகையில் துண்டின் பரப்பு 30 சதுர மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஒரு தாள் 2,000 துண்டுகளுக்கு மேல் சிதறும். மருத்துவ அறிக்கைகளையும் பிறருடைய குடும்ப வழக்குத் தாள்களையும் கையாள்பவர்கள் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு இதை வாங்கலாம். அதற்கு மேற்பட்ட வகைகள் அரசாங்கங்களுக்குரியவை, நமக்குத் தேவையில்லை.

ஒரே தடவையில் எட்டுத் தாள் நறுக்கும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி எட்டையும் செலுத்தினால் இயந்திரம் திணறும். ஐந்து அல்லது ஆறு தாள்களோடு நிறுத்திக் கொள்வது நல்லது. எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நிமிடங்கள் ஓடிவிட்டு, சூடு தணிய அரை மணி நேரம் வரை ஓய்வு கேட்கும். ஐந்து வருடத்துக் காகிதங்களை ஒரே நாளில் முடிக்க எண்ணுபவர்களுக்கு அது பொறுமையைக் கற்றுத் தரும். தாள் சிக்கினால் பின்னோக்கிச் சுழலும் வசதி இருப்பது அவசியம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லியனுப்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவும். அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின் இந்த இயந்திரம் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தாளை இழுக்கும் பற்கள் பிஞ்சு விரலையும் இழுக்கும். வேலை முடிந்தவுடன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். தாவணி, துப்பட்டா, புர்காவின் கைப்பகுதி ஆகியவை தொங்காதவாறு ஒதுக்கிக் கொண்டு நிற்பதும் அவசியம். பற்களுக்கு அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். அதற்கென விற்கும் எண்ணெயை ஒரு தாளில் கோடாக இட்டு உள்ளே செலுத்தினால் அது தானே பரவும். அழுத்தித் தெளிக்கும் டப்பா எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. அது தீப்பற்றக் கூடியது.

இனி, நம் இல்லங்களுக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். நம் காகிதங்களில் பாதிக்கு மேல் இறைவனின் திருநாமம் இருக்கிறது. பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கும் திருமண அழைப்பிதழ்கள், பிள்ளைகளின் மத்ரஸாத் தேர்வுத் தாள்கள், திருவசனங்கள் அச்சான இதழ்கள் என வீடு நிறைந்து கிடக்கின்றன. இவற்றை என்ன செய்வது? உஸ்மான் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில், ஜைத் இப்னு ஸாபித் (ரலி) முதலானோரைக் கொண்டு திருக்குர்ஆன் பிரதிகளை எழுதச் செய்து பல பகுதிகளுக்கும் அனுப்பிய பின்னர், ஏனைய ஏடுகளை எரித்துவிடுமாறு பணித்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தூய துணியில் சுற்றி, கால் மிதிபடாத இடத்தில் புதைப்பதை ஹனஃபி அறிஞர்கள் சிறப்பித்துக் கூறுவர். எழுத்து எஞ்சாத அளவுக்குத் தூளாக்கிவிட்டால் போதும் என்று கூறுவோரும் உளர். தங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடப்பதே முறை; தீர்ப்பு வழங்கும் தகுதி இக்கட்டுரையாளருக்கு இல்லை.

ஆனால் இயந்திரத்தின் இயல்பைச் சொல்லலாம். 4 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் ஒரு முழுச் சொல் அப்படியே தங்கிவிட இடமுண்டு. தாளின் வரிகள் இயந்திரத்தின் வாய்க்கு இணையாக இருக்கும்படி செலுத்தினால் எழுத்துகள் குறுக்கே வெட்டுப்படும். தாளைத் திருப்பிச் செலுத்தினால் வரி வரியாக நறுக்கி, அல்லாஹ்வின் பெயரையே முழுதாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடும். எனவே என் வீட்டில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறேன். பிறருடைய நகல்களும் கணக்குத் தாள்களும் ஒன்றில். திருநாமம் தாங்கியவை மற்றொன்றில். அவை இயந்திரத்தின் பக்கமே போவதில்லை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் எனும் பெயர்கள் உள்ள வங்கிக் கடிதங்களை எதில் போடுவது என்று என் மனைவி கேட்டார். பெயர் இருக்கும் மூலையை மட்டும் கத்தரித்து இரண்டாம் பெட்டியில் இடுவது என முடிவு செய்தோம்.

இயந்திரம் வாங்க இயலாதவர்களுக்குப் பாட்டிமார்கள் காட்டிய வழி இருக்கிறது. தாள்களைக் கிழித்து இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, கூடையாகவும் முறமாகவும் வனைந்த வீடுகள் நம்மிடையே ஏராளம். கூழான காகிதத்தை எந்த நெசவாளரும் இணைக்க முடியாது. லேசர் அச்சின் மை நீரில் கரைவதில்லை என்பதால் நன்றாகவே மசிக்க வேண்டும்.

நறுக்கும் ஆர்வத்தில் தவறியும் நறுக்கக் கூடாதவை உள்ளன. கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் தன் மிக நீண்ட வசனத்தில் (2:282) கட்டளையிடுகிறது. கடன் தீரும்வரை அந்தச் சீட்டு பத்திரமாக இருக்க வேண்டும். மஹர் பற்றிய எழுத்தும், பாகப்பிரிவினைத் தாள்களும் அவ்வாறே. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும் என்பது சட்டம்.

பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறப்பவர்கள் மேலும் கவனமாக இருக்கட்டும். இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வாணிபம் செய்த நம் முன்னோர்கள் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் அவற்றில் இருக்கக்கூடும். நமக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவற்றைக் குப்பை என்று கருதிவிட வேண்டாம். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்கு ஒருவரேனும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் காட்டிவிட்டு, அதன் பின்னர் இயந்திரத்தின் பிளக்கைச் செருகலாம்.