கணிப்பொறி மாற்றமும் மின்னஞ்சல் பதிவேடுகளும்

விண்டோஸ் 10 இயக்கத் தொகுப்புக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. இதன் விளைவாக அலுவலகங்களிலும் இல்லங்களிலும் பழைய கணிப்பொறிகளை மாற்ற வேண்டிய தேவை எழுந்துள்ளது. புதிய பொறியை வாங்குவதற்கு விதிமுறைகள் உண்டு. பழையதைக் கழிப்பதற்கும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே, பழைய பொறியில் தங்கியுள்ள கடிதங்களும் சொந்த விவரங்களும் எவ்வாறு இடம்பெயர வேண்டும் என்பது பெரும்பாலும் எவருடைய பொறுப்பாகவும் அமைவதில்லை.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் தம் ஊதிய நிர்ணயம் குறித்த முறையீட்டுக்கு ஆதாரமாக, ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒப்புதல் கடிதத்தைக் கோரினார். அது மின்னஞ்சலாக வந்தது. அதனைப் பெற்ற கணிப்பொறி மாற்றப்பட்டபோது, 'டாக்குமெண்ட்ஸ்' என்ற கோப்புறை மட்டும் பென் டிரைவில் படியெடுக்கப்பட்டிருந்தது. கடிதங்கள் அதில் இல்லை. பழைய பொறியோ ஏலத்தில் போய்விட்டது. எஞ்சியது ஓர் அச்சுப்படி. அதிலும் தேதி பக்க ஓரத்தில் வெட்டுண்டிருந்தது. அவருடைய கோரிக்கை தீர்வு காணப் பதினொரு மாதங்கள் ஆயின.

கடிதம் எங்கே இருக்கிறது?

இத்தகைய இழப்புக்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமன்று. மின்னஞ்சல் தங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாததே முதன்மைக் காரணம். அஞ்சலைப் பெறுவதற்கு இரு முறைகள் வழக்கில் உள்ளன. 1984இல் வகுக்கப்பட்ட 'பாப்' முறை, கடிதங்களை வழங்கியிலிருந்து பயனாளியின் பொறிக்கு இறக்கித் தருகிறது. இறக்கியபின் வழங்கியில் உள்ள படியை அழித்துவிடுவதே அதன் பழைய வழக்கம். 1986இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' முறையிலோ கடிதங்கள் வழங்கியிலேயே நிலைத்திருக்கும். பொறியில் இருப்பது அவற்றின் நிழல் போன்றது. பின்னதாயின், புதிய பொறியில் கணக்கைப் பதிவு செய்தவுடன் கடிதங்கள் தாமே வந்து சேரும். முன்னதாயின், பழைய வன்தட்டிலன்றி அவை வேறெங்கும் இருக்கமாட்டா.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேறொரு பொறியிலிருந்து உலாவி வழியாக அஞ்சல் கணக்கினுள் நுழைந்து, ஐந்தாண்டுக்கு முந்தைய கடிதம் ஒன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். அது கிடைக்கவில்லையெனில், பழைய பொறியை அணைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது என்று பொருள்.

அவுட்லுக் மென்பொருள் தன் கடிதங்களைப் 'பி.எஸ்.டி.' என முடியும் ஒரே கோப்பில் அடக்கி வைக்கிறது. பழைய பதிப்புகளில் அக்கோப்பு, சாதாரணமாகக் கண்ணில் படாத மறைவான கோப்புறையில் கிடக்கும். தண்டர்பேர்டு பயன்படுத்துவோர் 'புரொஃபைல்' என்னும் கோப்புறை முழுவதையும் எடுத்துச் செல்லல் வேண்டும். அவுட்லுக்கில் 'ஓ.எஸ்.டி.' என முடியும் கோப்பும் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் அதனையே படியெடுத்து நிறைவடைவோர் பலர். ஆனால் அது வழங்கியின் தற்காலிகப் படி. மற்றொரு பொறியில் அதனை நேரடியாகத் திறக்க இயலாது. அதிலுள்ள கடிதங்களைப் பழைய பொறியிலேயே 'பி.எஸ்.டி.' கோப்பாக ஏற்றுமதி செய்து கொள்ள வேண்டும்.

மற்றொரு தடையும் உண்டு. 'ஃபேட் 32' அமைப்பில் உள்ள பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. பல்லாண்டுக் கடிதங்கள் சேர்ந்த கோப்பு இவ்வளவைக் கடப்பது இயல்பு. 'எக்ஸ் ஃபேட்' அல்லது 'என்.டி.எஃப்.எஸ்.' அமைப்பில் உள்ள வெளி வட்டு இதற்குப் பொருத்தமானது. படியெடுக்கும்போது அஞ்சல் மென்பொருள் மூடப்பட்டிருத்தல் அவசியம். முகவரி ஏடு தனியே இருப்பின் அதனையும் மறத்தலாகாது.

எழுத்துருச் சிக்கல்

இந்திய மொழிகளில் எழுதுவோர்க்கு இங்கே ஒரு கூடுதல் இடர்ப்பாடு உண்டு. நம் எழுத்துகளுக்கு 'இஸ்கி' என்ற பொதுக் குறியீட்டு முறை 1991இல் தரப்படுத்தப்பட்டது. யூனிகோடின் முதல் பதிப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது. ஆயினும் நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டையே கையாண்டது. தமிழில் 1999இல் 'டாம்', 'டாப்' என்பவை தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகள் புதிய பொறியில் பழுதின்றி வந்து சேர்ந்தும், திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். தேடினாலும் அகப்படா. எனவே பழைய பொறியின் எழுத்துருக்களையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரும் மூலத்தைப் பேணுதல் நலம். மாற்று மென்பொருள்கள் ஒற்றெழுத்துகளிலும் எண்களிலும் சில வேளை தவறு இழைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

அச்சுப்படி போதாதா என வினவலாம். ஆவணங்களை மின்னணு வடிவில் பேணுவதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 7ஆம் பிரிவில் சில நிபந்தனைகளை விதிக்கிறது. பதிவு பின்னாளில் எடுத்துப் பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். முதலில் இருந்த வடிவிலோ, அதனைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருத்தல் வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்நாளில், எந்நேரத்தில் சென்றது என்ற விவரமும் கிடைத்தல் வேண்டும். கடிதத்தின் தலைப்பகுதியில் மறைந்துள்ள இவ்விவரங்கள் முழுமையாகத் தாளில் ஏறுவதில்லை. கணிப்பொறியில் உருவானவற்றையும் 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம் பதிவேடுகளாகவே கருதுகிறது. ஆதலின் அலுவல் கடிதங்களைச் சொந்தக் கடிதங்களோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், அலுவலகத்தில் விடாமல் அழிப்பதும் ஒருசேரத் தவறு.

படியெடுத்த பின், புதிய பொறியில் மிகப் பழைய கடிதம், அண்மைக் கடிதம், இணைப்புள்ள கடிதம் ஆகியவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். கோப்புறைதோறும் கடித எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என நோக்கல் வேண்டும். ஒரு மாத காலமேனும் பழைய பொறியைத் தொடாமல் வைத்திருப்பது என் வழக்கம்.

அதன் பின்னரே அழித்தல். கோப்பை 'டெலிட்' செய்வதால் பட்டியலிலிருந்து பெயர் நீங்குமேயன்றி உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. வங்கிக் கணக்கு விவரங்களும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் ஏலம் எடுத்தவர் கைக்குச் செல்லக்கூடும். விண்டோஸ் 10இல் 'ரீசெட் திஸ் பிசி' வழியாக எல்லாவற்றையும் நீக்கி இயக்ககத்தைத் துப்புரவாக்கும் வசதி உள்ளது. எஸ்.எஸ்.டி. வட்டுக்கு அதன் உற்பத்தியாளர் தரும் அழிப்புக் கருவியே ஏற்றது. பெரிய வன்தட்டில் இப்பணி பல மணி நேரம் நீடிக்கும். அலுவலகம் மூடும் வேளையில் தொடங்கிவிட்டால் மறுநாட் காலையில் முடிந்திருக்கும்.