தாய்ப்பாலும் அன்றாடக் கூலியும்

பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தண்ணீர்கூடத் தராமல் தாய்ப்பாலை மட்டுமே புகட்டுவது முழுத் தாய்ப்பாலூட்டல் எனப்படுகிறது. மருந்துச் சொட்டுகள் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. தமிழகத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாவில் தொட்டுவைக்கும் 'சேனை' வழக்கமும், கோடையில் தாகம் தணியும் என்று பாட்டி புகட்டும் வெந்நீரும் இதைக் குலைக்கின்றன என்றாலும், பழக்கத்தைவிடப் பிழைப்பே பெரிய தடை எனலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியபோதும், நாற்று நடுபவரும் சித்தாள் வேலை பார்ப்பவரும் வீட்டு வேலைக்குச் செல்பவரும் அதன் பயனைப் பெறுவது அரிது. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இத்தகையோருக்கு ஓரளவு கைகொடுக்கிறது. ஆயினும் அன்றாடக் கூலியை நம்பிய வீட்டில் மூன்றாம் மாதமே வேலைக்குக் கிளம்பும் தாய் புட்டிப்பாலை நாடுவதை அறியாமை என்று பழிப்பது நியாயமாகாது. விலைக்கு அஞ்சிப் பால்பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பதால் குழந்தை மெலிவதும் பெரும்பாலும் இத்தகைய வீடுகளில்தான்.